டாக்கா சரணாகதி: ஜெனரல் ஜேக்கப்புக்கு அஞ்சல் தலை வெளியிடப்படுமா?

புது தில்லி: ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி தமிழர்கள் பல்லாண்டு காலம் குடியிருந்த மதராசி கேம்ப், 2025 ஜூன் 1-இல் இடிக்கப்பட்டது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஹுமாயூன் சாலையில் யூதர்களின் சிறிய கல்லறைத் தோட்டம் உள்ளது. வங்கதேசப் போரின் தளபதிகளில் ஒருவரான லெப்டினன்ட் ஜெனரல் ஜே.எப்.ஆர். ஜேக்கப் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்.

பாக்தாதிலிருந்து வந்து கொல்கத்தாவில் குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஜேக்கப். ஐரோப்பிய யூதர்களுக்கு ஹிட்லர் இழைத்த கொடுமைகளை அறிந்து, தந்தையின் எதிர்ப்பையும் மீறி இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர்ந்தார். நாடு விடுதலை பெற்ற பின்னரும் இந்திய ராணுவத்திலேயே நீடித்தார்.

1971-இல் கிழக்குப் பிராந்தியத் தளபதி அரோராவின் கீழ் தலைமைப் பணி அதிகாரியாக இருந்தார். வழியிலுள்ள நகரங்களை ஒதுக்கிவிட்டு நேராக டாக்காவை நோக்கி முன்னேற வேண்டும் என்பது அவரது வாதம். டிசம்பர் 16-இல், சரணாகதி ஆவண வரைவுடன் டாக்காவில் போய் இறங்கினார். நகருக்குள் பாகிஸ்தான் வீரர்கள் 26 ஆயிரம் பேருக்கு மேல். நகருக்கு வெளியே இந்திய வீரர்கள் சுமார் 3 ஆயிரம் பேர் மட்டுமே என்பது அவர் தந்த கணக்கு. போர் நிறுத்தம் குறித்து மட்டுமே பேச எண்ணியிருந்த ஜெனரல் நியாஜிக்கு, யோசிக்க அரை மணி நேரம் அவகாசம் அளித்துவிட்டு வெளியேறினார். அன்று மாலை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில், பொதுமக்கள் முன்னிலையில் நியாஜி கையெழுத்திட்டார். சுமார் 93 ஆயிரம் பேர் சிறைப்பட்டனர்.

தனது பங்கை ஜேக்கப் மிகைப்படுத்திக் கொண்டார் என்ற விமர்சனம் ராணுவ வட்டாரத்தில் உண்டு. ஆயினும் அன்று நியாஜியை நேருக்கு நேர் சந்தித்துப் பணிய வைத்தவர் அவரே.

1978-இல் ஓய்வு பெற்று, பின்னர் பாஜகவில் சேர்ந்தார். கோவா, பஞ்சாப் மாநிலங்களின் ஆளுநராகப் பணியாற்றினார். 2016 ஜனவரி 13-இல் தில்லியில் காலமானார்.

தனிநபர்களுக்கான நினைவு அஞ்சல் தலை, அவர்கள் மறைந்து பத்தாண்டுகள் கழிந்த பின்னரே பொதுவாக வெளியிடப்படும். ஜேக்கப்புக்கு அந்தக் காலவரம்பு 2026 ஜனவரி 13-உடன் முடிகிறது. கொச்சி யூத ஆலயத்தின் 400-ஆவது ஆண்டையொட்டி 1968-இல் அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. தீபாவளி, ஹனுக்கா பண்டிகைகளுக்காக 2012-இல் இஸ்ரேலுடன் கூட்டாகவும் வெளியிடப்பட்டது. ஆலயத்துக்கும் பண்டிகைக்கும் கிடைத்த இடம், சீருடை அணிந்து நாட்டைக் காத்த யூதர்களுக்கும் கிடைக்க வேண்டாமா? கடற்படையின் வைஸ் அட்மிரல் பெஞ்சமின் சாம்சனையும் சேர்த்து, இந்திய யூதப் படைவீரர் வரிசையாகவே இதனை வெளியிடலாம். சில ஆயிரம் பேரே கொண்ட சமூகத்துக்கு வாக்கு வங்கி கிடையாது. நாடாளுமன்றத்தில் பரிந்து பேச உறுப்பினரும் இல்லை. கோரிக்கை மனுவை அஞ்சல் துறைக்கு அனுப்ப யூதராக இருக்க வேண்டியதில்லை. தில்லித் தமிழ் அமைப்புகளே அனுப்பலாம்.