களை பறித்துத் தின்ற விஞ்ஞானி

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. கல்லூரி நினைவுகள் ஏதாவது எழுதிக் கொடுங்கள், இரண்டு மூன்று பக்கம் போதும் என்றார்கள். விடுதியில் நாம் செய்ததையெல்லாம் அச்சில் ஏற்றினால் நம் செட்டில் பாதிப் பேர் பேரன் பேத்திகள் முகத்தில் விழிக்க முடியாது. ஆகவே வேறொருவர் வாழ்க்கையை எழுதலாம் என்று தீர்மானித்தேன். ஆனால் அவர் பெயரை நான் முதன்முதலில் கேட்டது நம் வகுப்பறையில்தான், அந்த வகையில் இதுவும் கல்லூரி நினைவுதான்.

மூன்றாம் வருஷம் களைகள் பாடம் எடுத்த நம் பேராசிரியரை யாரும் மறந்திருக்க முடியாது. ஆளுக்கு ஐம்பது களைச்செடிகளைப் பறித்து, காயவைத்து, தாளில் ஒட்டி, லத்தீன் பெயரோடு கொண்டுவரச் சொல்லி உயிரை வாங்கியவர். ஒருநாள் நம்மில் ஒருவன் கொண்டுவந்த சக்கரவர்த்திக் கீரையைக் கையில் தூக்கிப் பிடித்து, அமெரிக்காவில் ஒரு கறுப்பின விஞ்ஞானி இதைச் சமைத்துச் சாப்பிடச் சொல்லி அச்சடித்தே விநியோகம் செய்தார் என்றார். நாம் சிரித்தோம். மணி அடித்தது. மெஸ்ஸுக்கு ஓடிவிட்டோம். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரைப் பற்றி நான் ஒழுங்காகப் படித்தது ரிட்டயர் ஆன பிறகுதான். அதற்குள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டிருந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கார்வர் பிறந்தது 1864 வாக்கில், மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில். சரியான தேதி யாரும் குறித்து வைக்கவில்லை. அடிமை வீட்டுப் பிள்ளைக்கு யார் ஜாதகம் எழுதுவார்கள்? மோசஸ் கார்வர் என்ற விவசாயிதான் எஜமானர். கைக்குழந்தையாக இருந்தபோதே கொள்ளைக் கும்பல் ஒன்று தாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனது. தேடப் போன ஆள் குழந்தையை மட்டும் மீட்டு வந்தான். அதற்குக் கூலியாக எஜமானர் ஒரு குதிரையைக் கொடுத்தார். தாய் மேரி என்ன ஆனாள் என்று கடைசி வரை தெரியவில்லை.

நோஞ்சான் பிள்ளை. வயல் வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டு வேலையில் விட்டார்கள். சமையல், துவையல், தையல் எல்லாம் அப்படிக் கற்றதுதான். மற்ற நேரமெல்லாம் காட்டில் செடிகளோடு. வாடின செடியைப் பிழைக்க வைக்கத் தெரிந்தவன் என்று அக்கம்பக்கத்தில் பெயர். கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் நியோஷோ என்ற ஊரில் இருந்தது. அங்கே போனபோது மரியா வாட்கின்ஸ் என்ற அம்மாள் வீட்டில் இடம் கிடைத்தது. மரியா துணி வெளுப்பவர், பிரசவம் பார்ப்பவர், மூலிகை தெரிந்தவர். எந்த இலை எதற்கு ஆகும், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் பையனுக்கு அங்கேதான் பழக்கமானது. கார்வரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரிய பெரிய பேராசிரியர்களைச் சொல்வார்கள். அவருக்கு முதல் தாவரவியல் ஆசிரியை இந்த அம்மாள்தான் என்பது என் அபிப்பிராயம்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக அலைச்சல். கான்சாஸில் ஒரு கல்லூரி தபாலில் இடம் கொடுத்துவிட்டு, ஆளை நேரில் பார்த்ததும் நிறத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பியது. அயோவாவில் சிம்ப்சன் கல்லூரியில் 1890-ல் ஓவியம் படிக்கச் சேர்ந்து, சக மாணவர்களின் துணி வெளுத்துக் கொடுத்துச் சாப்பிட்டார். இவர் பூவையும் செடியையுமே வரைவதைப் பார்த்த ஓவிய ஆசிரியை, ஏம்ஸ் நகரில் இருந்த விவசாயக் கல்லூரிக்குப் போகச் சொன்னார். 1891-ல் அங்கே சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் இவர்தான். ஆரம்பத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் மற்றவர்களோடு உட்கார விடவில்லை, கீழே வேலையாட்களோடு சாப்பிட வேண்டியிருந்தது. (நம் மெஸ்ஸில் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று ஸ்டிரைக் பண்ணினோமே, ஞாபகம் இருக்கிறதா?) 1894-ல் பட்டம், 1896-ல் முதுகலை. அங்கே இவருக்கு வழிகாட்டிய லூயிஸ் பாம்மெல் பூஞ்சைகளில் நிபுணர், பின்னாளில் களைகளைப் பற்றியும் விஷச்செடிகளைப் பற்றியும் தடித்தடியான நூல்கள் எழுதியவர். ஆக மரியாவிடம் கை வழியாகக் கற்றதை இங்கே புத்தக வழியாகவும் கற்றாயிற்று.

1896-ல் புக்கர் டி. வாஷிங்டன் அழைப்பின் பேரில் அலபாமாவில் டஸ்கீகி கல்விக்கூடத்துக்குப் போனார். பிறகு சாகும் வரை அங்கேதான். ஆய்வுக்கூடம் என்று ஒன்றுமில்லை. மாணவர்களைக் கூட்டிப் போய்க் குப்பை மேடுகளில் பாட்டிலும் பழைய டப்பாவும் பொறுக்கிவந்து ஆரம்பித்தார்.

அந்த ஊரின் நிலைமையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இவர் ஏன் களையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார் என்பது புரியாது. அடிமைத்தனம் சட்டப்படி போய்விட்டது, ஆனால் நிலம் யாருக்கும் வரவில்லை. வாரத்துக்கு உழுதார்கள். பருத்தி, பருத்தி, எங்கே பார்த்தாலும் பருத்தி. வீட்டு வாசற்படி வரைக்கும் பருத்தி போட்டால்தான் கடன் அடையும். கொல்லையில் நாலு காய்கறி போட இடமும் இல்லை, நேரமும் இல்லை. சாப்பாடு கடனுக்குக் கடையில் வாங்கினது: மக்காச்சோள மாவு, கொழுப்புப் பன்றி இறைச்சி, வெல்லப்பாகு. வருஷம் முழுக்க இதே மூன்றுதான். அதன் பலனாக வந்தது பெல்லாக்ரா. வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்து உரியும், வயிறு போகும், புத்தி தடுமாறும், கடைசியில் ஆள் போய்விடும். இது தொற்றுநோய் அல்ல, சாப்பாட்டுக் குறைதான் என்று டாக்டர் கோல்ட்பெர்கர் 1914-லிருந்து படாத பாடுபட்டு நிரூபித்தார். நம் நாட்டிலும் தக்காணத்தில் சோளமே உண்டவர்களுக்கு இது வந்ததை டாக்டர் சி. கோபாலன் குழுவினர் ஆராய்ந்திருக்கிறார்கள்.

இந்த ஊரில் கார்வர் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து காட்டுக்குள் நடப்பார். திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டுச் செடி, சட்டைப் பொத்தானில் ஒரு காட்டுப்பூ. நிலமில்லாதவனிடம் தோட்டம் போடு என்று சொல்லிப் பிரயோஜனமில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் வரப்பிலும் பள்ளத்திலும் வேலியோரத்திலும் முளைத்துக் கிடப்பது யாருக்கும் சொந்தமில்லை, அதற்கு வாரம் அளக்க வேண்டாம். அதில் எது உணவு, எது மருந்து, எது விஷம் என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

இந்தச் செடிகளில் பல அமெரிக்க மண்ணுக்குச் சொந்தமானவையே அல்ல. டாண்டலியன், சுருட்டை டாக், செம்மறிப் புளிக்கீரை, சிக்வீட் எல்லாம் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களோடு கப்பல் ஏறி வந்தவை. சிலவற்றை வேண்டுமென்றே கொண்டுவந்தார்கள், சில விதையோடும் வைக்கோலோடும் ஒட்டிக்கொண்டு வந்தன. வந்து பரவிக் கண்டம் பூராவும் பிடித்துக்கொண்டன. விவசாயிக்கு அவை அந்நியக் களை. கார்வருக்கோ பரிசோதனைப் பொருள். அவர் ஆய்வு முறையும் விசித்திரம்தான். ரசாயனக் குப்பிக்குப் போவதற்கு முன் அடுப்புக்குப் போகும். எந்தப் பருவத்து இலை இளசு, எதைப் பச்சையாகத் தின்னலாம், எதன் கசப்பு எப்படிப் போகும் என்று வேகவைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்வார். சிறு வயதில் கற்ற சமையல் வீண் போகவில்லை.

எல்லாமே கீரை என்று அவர் குருட்டாம்போக்கில் சொன்னவர் இல்லை. அந்த ஊர்ச் செடியான போக்வீட் இருக்கிறதே, அதன் இளங்குருத்தை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால்தான் சாப்பாடு. வேரோ விஷம். இந்த வித்தியாசம் தெரிந்த ஆள் ஊரில் ஒருவராவது இருக்க வேண்டும். புத்தகத்துக்கு முன்னால் அந்த வேலையை மரியா மாதிரியான பெண்கள் பார்த்தார்கள்.

இனி என் கதை. 1980-களின் தொடக்கம், நான் வேளாண்மை அலுவலர். மானாவாரிச் சோளக் காட்டில் 2,4-டி களைக்கொல்லி அடித்துக் காட்டும் செயல்விளக்கம். ஊரே கூடி நின்று பார்த்தது. எனக்கு ஏகப் பெருமை. அப்போது களையெடுக்க வரும் ஒரு நடுத்தர வயது அம்மா என்னிடம் வந்து, மருந்து அடித்த காட்டில் இனிமேல் கீரை பறிக்கலாமா என்று கேட்டார். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை இதெல்லாம் களை வெட்டும்போதே மடியில் கட்டிக்கொண்டு போவார்களாம். கூலியோடு ராத்திரிக் குழம்புக்கும் வழி. நான் பத்துப் பதினைந்து நாள் பறிக்காதீர்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஜீப் ஏறினேன். இரண்டு வாரம் கழித்துப் போனபோது பறிக்க ஒன்றுமே இல்லை, எல்லாம் சுருண்டு கருகிக் கிடந்தது. களையெடுப்புக் கூலியும் அந்த வருஷம் மிச்சம் என்று காட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். அந்த மிச்சம் யாருடைய வயிற்றிலிருந்து வந்தது என்று எனக்கு அன்று தோன்றவில்லை. செயல்விளக்கம் வெற்றி என்று டைரியில் எழுதினேன். அந்த அம்மா பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

கார்வரிடம் திரும்புவோம். அவர் புகழெல்லாம் நிலக்கடலையால் வந்தது. 1916-ல் நிலக்கடலையை நூற்றைந்து விதமாகச் சமைக்கும் பிரசுரம், 1921-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம், பத்திரிகைகளில் படம் என்று நாடறிந்த மனிதராகிவிட்டார். அதில் கொஞ்சம் ஊதிப் பெருக்கினதும் உண்டு. முந்நூறு பொருள் கண்டுபிடித்தார் என்பார்கள், ஆனால் அவர் வாங்கிய காப்புரிமை மூன்றுதான். இருமலுக்கென்று பெனால் என்ற மருந்து போட்டது வியாபாரத்தில் தோற்றது. இளம்பிள்ளை வாதத்துக்குக் கடலை எண்ணெய் தேய்த்துக் குணமாயிற்று என்று கூட்டம் அலைமோதியது, பலன் எண்ணெயால் அல்ல, நீவிவிட்டதால்தான் என்று இன்றைக்குத் தெரிகிறது. பெல்லாக்ராவை அவர் ஒழித்தார் என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்த நோய்க்கு வேண்டிய நியாசின் கடலையில் நிறைய உண்டு, காட்டுக்கீரை கொடுப்பது முக்கியமாக வேறு சத்துகளை. எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டினால்தான் நமக்குத் திருப்தி.

நம் நாட்டோடும் தொடர்பு உண்டு. சி.எஃப். ஆண்ட்ரூஸ் 1929-ல் டஸ்கீகி போய்வந்த பிறகு, கார்வர் காந்தியடிகளுக்குக் கடிதம் எழுதி, உணவு பற்றிய யோசனைகளையும் தம் பிரசுரங்களையும் அனுப்பிவைத்தார்.

களைகளைப் பற்றித் தனியாகப் பிரசுரம் போட்டது கடைசிக் காலத்தில், 1942-ல், உலகப்போர் சமயம். வெற்றிக்கும் சமாதானத்துக்கும் இயற்கையின் தோட்டம் என்று தலைப்பு. டாண்டலியனை எப்படிக் கீரையாகவும் பச்சையாகவும் உண்பது, புளிக்கீரையை வைத்து இனிப்புப் பணியாரம் போல ஒன்று சுடுவது எப்படி என்றெல்லாம் சமையல் குறிப்பு மாதிரியே இருக்கும். நம் பேராசிரியர் சொன்ன சக்கரவர்த்திக் கீரை இதில்தான் இருக்கிறது. அந்த வருஷமே ஹென்றி ஃபோர்டு டியர்பார்னில் இவர் பெயரில் ஓர் உணவு ஆய்வுக்கூடம் அமைத்தார். கோடீஸ்வரரும் அடிமையாகப் பிறந்தவரும் சேர்ந்து நின்று, காட்டுக்கீரை வைத்த சாண்ட்விச்சை ருசி பார்க்கிற புகைப்படம் ஒன்று உண்டு.

1943 ஜனவரி 5-ஆம் தேதி, மாடிப்படியில் விழுந்ததைத் தொடர்ந்து காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிக்கனமாகச் சேர்த்து வைத்த சுமார் அறுபதாயிரம் டாலரையும் ஆராய்ச்சிக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார்.

இதைப் படித்துவிட்டு யாராவது சீமைக்கருவேலையும் பார்த்தீனியத்தையும் அப்படியே உணவாக்கிவிடலாம் என்று கிளம்ப வேண்டாம். சீமைக்கருவேல் நெற்றை மாடு தின்று சாணத்தில் விதை போட்டே பாதி நாட்டை மூடினது நமக்குத் தெரியும். பார்த்தீனியம் தொட்டாலே அரிக்கும். பார்த்துத்தான் செய்ய வேண்டும், கார்வரும் பார்த்துத்தான் செய்தார்.

சந்திப்பு நாள் மதியச் சாப்பாட்டு மெனு எனக்கும் வந்தது. ஃப்ரைட் ரைஸ், கோபி மஞ்சூரியன், இரண்டு ஸ்வீட். ஏற்பாட்டாளர்களிடம் பேசி ஒரு கீரைக் கடைசலுக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன். பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் நான் கொண்டுவருகிறேன். ஆய்ந்து கொடுக்கத் தெரிந்தவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்தால் உதவியாக இருக்கும். மழை பெய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.