பறவைகளின் தொண்டர் சாலிம் அலி

புலவர், தேசத் தலைவர், ஞானியர் ஆகியோரின் வரலாறுகள் ஆண்டு விழா மலர்களில் இடம்பெறுதல் வழக்கம். இம்முறை நாம் கூற முற்படுவது, பறவைகளை அறிவதிலும் காப்பதிலும் தம் வாழ்நாளைச் செலவிட்ட டாக்டர் சாலிம் அலி அவர்களின் வரலாறு. நாம் குடியேறி வாழும் இம்மும்பை மாநகரிலேயே பிறந்து, இங்கேயே மறைந்தவர் அவர். அவர்தம் பெயரை நம் காலனிக் குழந்தைகள் பாடப் புத்தகத்தில் கண்டிருப்பர். ஆயினும் அவர் செய்த பணியின் பெரும்பகுதி ஊதியம் பெறாமல் செய்யப்பட்டது என்பதைப் பலர் அறியார். அலுவலகம் முடிந்து வந்தபின் சங்கக் கணக்கையும் நூலகத்தையும் கவனிக்கும் அன்பர்கள் நிறைந்த நம்மிடையே, இச்செய்தி சிறப்பாக நினைக்கத்தக்கது.

சாலிம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் ஒரு போரா முஸ்லிம் குடும்பத்தில் கடைக்குட்டியாகத் தோன்றினார். ஒரு வயதில் தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்தார். கேத்வாடியில் வாழ்ந்த தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும், மக்கட்பேறு இல்லாத அத்தை ஹமீதா பேகமும் அவரையும் அவருடைய உடன்பிறந்தாரையும் வளர்த்தனர்.

மாமன் வேட்டையில் நாட்டமுடையவர். சிறுவனுக்கும் காற்றுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. பத்து வயதை ஒட்டி ஒரு நாள் அவன் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். பார்ப்பதற்கு ஊர்க்குருவி போலிருந்தும், அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் தீட்டியிருந்தது. இஃது என்ன குருவி என்று மாமனைக் கேட்டான். அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிச் சிறுவனை விரட்டிவிடாமல், தெரிந்தவரிடம் அவனை அனுப்பிவைத்தார். அவ்வாறு அவன் சென்றடைந்த இடம் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம்.

அச்சங்கத்தைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். 1883-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பைகுல்லாவில் எண்மர் கூடித் தொடங்கிய சங்கம் அது. அவருள் இருவர் இந்திய மருத்துவர். தொழிலால் மருத்துவராகவும் வணிகராகவும் அலுவலராகவும் இருந்தோர், ஓய்வு நேரத்தில் தாம் கண்ட விலங்கு, பறவை, செடி கொடிகளைப் பற்றிப் பேசுதற்காகவே அங்குக் கூடினர். பின்னர் அச்சங்கத்திற்கு ஃபிப்சன் என்ற மது வணிகக் கம்பெனியின் கட்டடத்தில், அப்போலோ தெருவில், இடம் கிடைத்தது. அக்கம்பெனியைச் சேர்ந்த டபிள்யூ. எஸ். மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் சங்கத்தின் கௌரவக் காரியதரிசி. அதாவது சம்பளமின்றிப் பணிபுரிந்தவர்.

இறந்த குருவியை ஏந்தித் தயங்கி நின்ற சிறுவனை அவர் அன்புடன் வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று இனங்கண்டு கூறினார். பாடம் செய்து அடுக்கி வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். படிக்க நூல்கள் தந்தார். பறவையின் தோலை உரித்துப் பாடம் செய்யும் முறையைக் கற்றுக்கொள்ளவும் வழி செய்தார். ஒரு வணிகர் தம் வேலைக்கிடையே ஒரு சிறுவனுக்காகச் செலவிட்ட அந்த நேரமே இந்தியப் பறவையியலுக்கு ஒரு மேதையை அளித்தது எனலாம்.

பள்ளியில் சாலிம் அலி சிறந்து விளங்கினாரல்லர். உடல்நலக் குறைவால் படிப்பு இடையிடையே தடைப்பட்டது. 1913-இல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் ஒருவாறு தேறினார். கல்லூரியிற் சேர்ந்தும் கணக்கும் பிறவும் அவரைத் துன்புறுத்தவே, படிப்பை விடுத்துப் பர்மாவில் தவாய் என்னுமிடத்திற்குச் சென்றார். அங்கே குடும்பத்தாருக்கு உல்பிரம் சுரங்கமும் மரவணிகமும் இருந்தன. வணிகம் செழிக்கவில்லை, ஆனால் சூழ்ந்திருந்த காடுகள் அவருக்குப் பள்ளியாயின. 1917-இல் பம்பாய்க்குத் திரும்பி வணிகச் சட்டமும் கணக்கியலும் பயின்றார். அதனோடு புனித சேவியர் கல்லூரியில் பாதிரியார் பிளாட்டரிடம் விலங்கியலும் பயின்றார். 1918-இல் தெஹ்மினா பேகத்தை மணந்தார்.

சில ஆண்டுகளில் பர்மா வணிகம் முற்றும் நின்றது. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலார் பதவி ஒன்று காலியாயிற்று. அதற்கு விண்ணப்பித்தார். பட்டம் இல்லாமையால் அது அவருக்குக் கிட்டவில்லை. 1926-இல் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சிச்சாலையில் புதிதாகத் திறந்த இயற்கை வரலாற்றுப் பகுதியில் வழிகாட்டி விரிவுரையாளர் பதவி கிடைத்தது. சம்பளம் மாதம் 350 ரூபாய். காணவரும் பள்ளிச் சிறுவர்க்கும் பொதுமக்களுக்கும் கண்ணாடிப் பேழையிலுள்ள உயிரினங்களை விளக்குதலே வேலை. இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயம் எனப் பெயர் பெற்றிருக்கும் அக்கட்டடத்தினுள் நம் குழந்தைகள் நடக்கும்போது, அங்கே ஒரு காலத்தில் விளக்கம் கூறியவர் இவர் என்பதை நாம் சொல்லலாம்.

மேலும் கற்கவேண்டும் என்ற வேட்கையால் 1928-இல் விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்று, பெர்லின் நகரில் எர்வின் ஸ்ட்ரெசமன் என்ற பேரறிஞரிடம் பயின்றார். 1930-இல் திரும்பியபோது, நிதி இல்லையென்று அவருடைய பதவியே எடுக்கப்பட்டிருந்தது. வயது முப்பத்து மூன்று. மனைவியோடு வாழவேண்டிய பொறுப்பு. கையிலோ பட்டமும் இல்லை, உத்தியோகமும் இல்லை. இருவரும் பம்பாய்க்கு எதிர்க்கரையிலுள்ள கீஹிம் என்ற கடலோரச் சிற்றூரில் தெஹ்மினாவின் குடும்ப வீட்டிற்குச் சென்று தங்கினர்.

வேலையில்லாத அந்த மழைக்காலத்திலேதான் அவருடைய புகழ்பெற்ற ஆராய்ச்சி நிகழ்ந்தது. வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டின. அவற்றை நாள்தோறும் மணிக்கணக்காகக் கூர்ந்து நோக்கிக் குறித்தார். ஆண் குருவியே கூட்டைப் பின்னுகிறது. பாதி பின்னிய நிலையில் பெண் குருவிகள் வந்து சோதிக்கின்றன. மனத்திற்கு உகந்த கூட்டைப் பெண் ஏற்றுக்கொண்டபின் ஆண் அதனை முடித்துக் கொடுக்கிறது. அப்பெண் அடைகாக்கும்போது ஆண் வேறொரு கூட்டைத் தொடங்கி வேறொரு துணையைத் தேடுகிறது. ஓர் ஆண் பல பெண்களோடு குடும்பம் நடத்தும் இவ்வழக்கத்தைத் தெளிவாக விளக்கியவர் அவரே. நம் ஊர்ப் பனைகளிலும் கிணற்றோர மரங்களிலும் தொங்கும் அதே கூடுதான். நாம் பார்த்துக்கொண்டே கடந்து சென்றதை அவர் இருந்து பார்த்தார்.

பின்னர் அவர் ஒரு துணிவான வழியைக் கண்டார். இந்தியாவின் பல சமஸ்தானங்களில் என்னென்ன பறவைகள் உள்ளன என்பதற்கு முறையான கணக்கெடுப்பு இல்லை. தமக்கு ஊதியம் ஏதும் வேண்டா. முகாமுக்கும் பயணத்திற்கும் ஆகும் செலவை மட்டும் சமஸ்தானம் ஏற்றால் போதும் என்று அவர் முன்வந்தார். 1931-இல் ஹைதராபாத்திலும், 1933-இல் திருவாங்கூர் கொச்சியிலும், அதன்பின் மத்திய இந்தியா, மைசூர், கட்ச், குஜராத் முதலிய பகுதிகளிலும் இவ்வாறே பணி நடந்தது. காட்டு முகாம்களை நிர்வகித்ததிலும் கணவரின் எழுத்தைத் திருத்தியதிலும் தெஹ்மினாவின் பங்கு பெரிது. 1939-இல் ஓர் அறுவைச் சிகிச்சையை அடுத்து அவ்வம்மையார் காலமானார். சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. பாந்திராவில் தமக்கை வீட்டில் தங்கித் தம் பணியைத் தொடர்ந்தார்.

அக்கால ஆராய்ச்சி முறைப்படி அவர் பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்ததும் உண்டு. அதை மறைத்தல் முறையன்று. இனத்தைத் துணிதற்கு அந்நாளில் வேறு வழி அரிதாயிருந்தது. வேடிக்கைக்காகக் கொன்று குவிப்பதை அவர் ஏற்றாரல்லர். 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், தற்செயலாக அவருடைய நாற்பத்திரண்டாம் பிறந்த நாளன்று, பரத்பூர் ஏரியில் வைசிராய் லின்லித்கோவின் வேட்டைக் குழுவினர் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். அவ்வெண்ணைப் பொறித்த கல் அங்கு நாட்டப்பட்டது.

1941-இல் அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களும் எளிய விளக்கமும் கொண்ட அந்நூல், பறவை அறிவைத் துரைமார்களின் மாளிகையிலிருந்து பள்ளி ஆசிரியர் வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு முதல் 1985 வரை வானொலியிலும் அவர் அவ்வப்போது பேசினார். மருமகள் முறையான லயீக் ஃபதேஹல்லியுடன் சேர்ந்து பொதுமக்களுக்காக எழுதிய சிறுநூல் இந்திய மொழிகள் பலவற்றில் வந்தது. அவ்வம்மையாரின் கணவர் ஜாஃபர் ஃபதேஹல்லி, பறவை நோக்குவோர்க்கென்று சைக்ளோஸ்டைல் தாள்களில் ஒரு மடலைத் தொடங்கினார். வங்கி ஊழியரும் தோட்ட அலுவலரும் மாணவரும் தத்தம் ஊரில் கண்டதை அதில் எழுதினர். ஒருபுறம் இவ்வாறு எளியோர்க்கு வழிகாட்டிய சாலிம் அலி, மறுபுறம் அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகள் கொண்ட பெருநூலையும் முடித்தார்.

நாடு விடுதலை பெற்றபின், பரத்பூர் ஏரியை வடித்து வயலாக்கவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. சாலிம் அலி பிரதமர் நேருவிடம் எடுத்துரைத்து அதனைக் காத்தார். 1956-இல் அது சரணாலயமாயிற்று. பின்னாளில் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கை மின்திட்டத்தினின்று காக்க எழுந்த குரல்களில் அவருடையதும் ஒன்று. திருவாங்கூர் ஆய்வின்போது அவர் பறவை வளம் கண்டு வியந்த தட்டேக்காடு 1983-இல் சரணாலயமாயிற்று. இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

பரத்பூர் வரலாற்றில் மற்றொரு பகுதியும் உண்டு. 1982-இல் அது தேசியப் பூங்கா ஆனபோது கால்நடை மேய்ச்சல் தடுக்கப்பட்டது. மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்பது சாலிம் அலியும் அவருடைய சங்கத்தாரும் கொண்டிருந்த கருத்தே. தலைமுறை தலைமுறையாக அங்கு எருமை மேய்த்த சிற்றூர் மக்கள் எதிர்த்தனர்; காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அதே சங்கத்தார் 1980 முதல் அங்கு நடத்திய நீண்ட ஆய்வு முடிந்தபோது கண்டது வேறு. எருமைகள் இல்லாமற் போகவே நீர்ப்புல் கட்டின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடிற்று. நீர்ப்பறவைகள் பல இடமின்றிக் குறைந்தன. அம்முடிவு வெளிவந்தபோது சாலிம் அலி இவ்வுலகில் இல்லை. ஆயினும் கண்டதைக் கண்டவாறே ஆண்டுதோறும் எண்ணிக் குறிக்கவேண்டும் என்று அவர் பழக்கிய முறையே, அவருடைய கருத்தையும் திருத்தியது. அருகில் வாழும் மக்களைப் புறத்தே நிறுத்திவிட்டுப் பறவைகளைக் காத்தல் இயலாது என்பதையும் அது நாட்டிற்கு அறிவித்தது.

1958-இல் பத்மபூஷணும் 1976-இல் பத்மவிபூஷணும் அவரை அடைந்தன. பட்டம் இல்லையென்று பதவி மறுக்கப்பட்டவருக்கு அலிகர், தில்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் அளித்துத் தம்மைப் பெருமைப்படுத்திக்கொண்டன. தமக்குக் கிடைத்த பெரும் பரிசுத் தொகையை அவர் இயற்கைப் பாதுகாப்பு நிதியாக்கினார். 1985-இல் ராஜ்ய சபையின் நியமன உறுப்பினரானார். 1987-இல், தொண்ணூறு வயது நிறைந்த நிலையில், மும்பையில் காலமானார். 1990-இல் நம் கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. கோடிக்கரையிலும் அவருடைய சங்கத்தார் பல்லாண்டுகள் பறவைகளின் காலில் வளையமிட்டு வலசையை ஆராய்ந்துள்ளனர்.

அவர் மறைந்த அதே 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இன்றும் ஜனவரி தோறும் நடைபெறுகிறது. எண்ணுவோர் பெரும்பாலும் ஊதியமில்லாத் தொண்டர்களே. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது; பொங்கலுக்கு ஊர் செல்லும் நம் குடும்பத்தார் வீட்டு முற்றத்தில் நின்றே அதில் பங்குபெறலாம். இங்கேயும் வாய்ப்புகள் பல உள. ஹார்பர் பாதையில் சிவ்ரி நிலையத்தில் இறங்கி நடந்தால், குளிர்காலந்தொட்டுக் கோடை வரை சேற்றுக் கடற்கரையில் பூநாரைகளைக் காணலாம். கோரேகாவில் அவ்வியற்கைச் சங்கத்தாரின் கல்வி மையம் பள்ளிச் சிறுவரைக் காட்டு வழியே அழைத்துச் சென்று கற்பிக்கிறது.

நம் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். ஆண்டுதோறும் நவம்பர் 12-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் காலனிக் குழந்தைகளை ஒருமுறையேனும் இவ்விடங்களுக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். சங்க நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைத்து, காலனி மரங்களில் கண்ட பறவைகளை நாளிட்டு எழுதச் செய்தல் வேண்டும். தமிழ்ப் பெயரும், மராத்திப் பெயரும் அருகருகே எழுதப்படின் அண்டை வீட்டுக் குழந்தைகளும் சேர்ந்துகொள்வர். ஒரு குழந்தை பெயர் தெரியாத பறவையைக் காட்டிக் கேட்குமாயின், நமக்குத் தெரியாவிடினும், தெரிந்தவரிடம் அழைத்துச் செல்வோமாக. கேத்வாடி மாமனும் அப்போலோ தெருக் காரியதரிசியும் செய்தது அதுவே.