வாளும் வாக்கும்: கப்டன் மைல்ஸ் ஸ்டான்டிஷின் வாழ்வு

புதிய நிலம் தேடிச் செல்வோர் ஏரையும் விதையையும் மட்டும் கொண்டு செல்வதில்லை. அச்சத்தையும் கொண்டு செல்கின்றனர். அந்த அச்சத்துக்குக் காவலாக ஒரு படைவீரனையும் அழைத்துச் செல்கின்றனர். 1620 ஆம் ஆண்டு மேபிளவர் என்னும் கப்பலில் அத்திலாந்திக்கைக் கடந்து வட அமெரிக்கக் கரையை அடைந்த 102 பயணிகளிடையே அத்தகைய ஒருவர் இருந்தார். அவர் பெயர் மைல்ஸ் ஸ்டான்டிஷ். அவரைப் புகழ்வதோ இகழ்வதோ நமது நோக்கமன்று. ஒரு குடியேற்றத்தை வாழவைத்தது எது, அதன் மீது கறை படியச் செய்தது எது என்ற வினாக்களுக்கு அவரது வாழ்வு தெளிவான விடை தருகிறது என்பதாலேயே அதனை இங்கு நோக்குகின்றோம்.

ஸ்பானிய ஆதிக்கத்துக்கு எதிராக ஒல்லாந்தர் நடத்திய நீண்ட போரில் அவர்களுக்குத் துணைநின்ற ஆங்கிலப் படைகளில் பணியாற்றியவர் ஸ்டான்டிஷ். இங்கிலாந்தின் அரச திருச்சபையிலிருந்து பிரிந்து, தமது மனச்சாட்சியின்படி வழிபடுவதற்காக ஒல்லாந்தில் தஞ்சம் புகுந்திருந்த ஆங்கிலேயர் சிலர், ஜோன் ரொபின்சன் என்ற போதகரின் வழிகாட்டலில் லைடன் நகரில் வாழ்ந்து வந்தனர். அமெரிக்கா செல்ல முடிவுசெய்த அவர்களுக்கு ஆயுதப் பயிற்சி உள்ள ஒருவர் தேவைப்பட்டார். வேர்ஜினியாவில் அனுபவம் பெற்ற கப்டன் ஜோன் ஸ்மித் முன்வந்தபோதிலும், அவர்கள் தெரிவுசெய்தது ஸ்டான்டிஷையே. எனினும் அவர் அந்தச் சபையின் அங்கத்தவர் அல்லர். மதத்துக்காக நாடு துறந்தவர்களின் நடுவே தொழிலுக்காக வந்தவர் என்றே அவரைக் கூறவேண்டும்.

1620 நவம்பரில் கப்பல் கேப் கொட் கரையை அடைந்ததும், 16 பேர் கொண்ட குழுவுடன் முதன்முதலாக நிலத்தை ஆராயச் சென்றவர் ஸ்டான்டிஷ். பூர்வீகக் குடிகள் மண்ணுக்குள் புதைத்துச் சேமித்து வைத்திருந்த சோளத்தை அக்குழுவினர் கண்டெடுத்தனர்; எடுத்தும் சென்றனர். உரியவர்களுக்குப் பின்னர் ஈடு செய்யப்பட்டது உண்மையே. ஆயினும் அடுத்த வசந்தத்தில் அவர்கள் விதைத்த விதை பிறருடைய களஞ்சியத்திலிருந்து வந்தது என்பதை மறைக்க முடியாது. அவர்கள் குடியமர்ந்த பிளைமவுத்தும் ஆளற்ற வெறும் காடாக இருந்ததன்று. அது பட்டுக்செட் என்னும் ஊர். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோய் அவ்வூர் மக்களை அழித்திருந்தது. பண்படுத்தப்பட்ட வயல்கள் மட்டும் உழுவாரின்றிக் கிடந்தன.

முதற் குளிர்காலம் வந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரைப் பலிகொண்டது. ஸ்டான்டிஷின் மனைவி ரோஸும் 1621 ஜனவரியில் இறந்தார். நோய் உச்சத்தில் இருந்தபோது எழுந்து நடமாடக்கூடியவர்கள் ஆறேழு பேரே. அவர்களுள் ஒருவரான ஸ்டான்டிஷ் விறகு சுமந்தார், தீ மூட்டினார், உணவு சமைத்தார், நோயாளரின் அழுக்குத் துணிகளைத் துவைத்தார். குடியேற்றத்தின் ஆளுநராக நீண்டகாலம் விளங்கிய வில்லியம் பிராட்போர்ட் இதனை நன்றியுடன் பதிவுசெய்துள்ளார். தம் மனைவியைப் பறிகொடுத்த வேளையிலும் பிறருக்குப் பணிவிடை செய்த இந்த ஸ்டான்டிஷை நாம் மதிக்கவே வேண்டும்.

வசந்தம் உதவியையும் கொண்டுவந்தது. வம்பனோவாக் மக்களின் தலைவரான மசாசொயிட் 1621 மார்ச்சில் பிளைமவுத்துக்கு வந்தார். துப்பாக்கி ஏந்திய சிலருடன் சென்று அவரை வரவேற்றவர் ஸ்டான்டிஷ். ஒருவருக்கொருவர் தீங்கு செய்வதில்லை, அநியாயமான போர் மூளுமிடத்து ஒருவருக்கொருவர் துணைநிற்பது என்று இரு தரப்பினரும் உடன்பட்டனர். 1614 இல் ஆங்கிலக் கப்பல் தலைவன் ஒருவனால் கடத்தப்பட்டு ஸ்பானியாவில் விற்கப்பட்டு, இங்கிலாந்து வழியாக ஊர் திரும்பிய பட்டுக்செட் வாசியான திஸ்குவாண்டம், சோளம் பயிரிடும் முறையைக் குடியேறிகளுக்குக் கற்பித்தார். அவ்வாண்டின் அறுவடை விருந்தில் மசாசொயிட்டுடன் 90 பேர் கலந்துகொண்டனர். குடியேற்றத்தைப் பசியிலிருந்து மீட்டது வாளன்று, இந்த உறவே என்பது நமது கருத்து.

ஆனால் அச்சம் அகலவில்லை. 1622 இல் வேர்ஜினியாவில் நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர் பூர்வீகக் குடிகளால் கொல்லப்பட்ட செய்தி எட்டியதும் பிளைமவுத் குன்றின் மீது கோட்டை எழுந்தது. மேல்தளத்தில் பீரங்கிகள், கீழ்த்தளத்தில் வழிபாட்டுக் கூடம் என்பது அதன் அமைப்பு. அவ்வாண்டே வெசகசெட் என்னுமிடத்தில் வேறொரு ஆங்கிலக் கூட்டம் குடியேறியது. பசியால் வாடிய அவர்கள் அயலிலிருந்த மசச்சூசெட் இன மக்களின் சோளத்தைத் திருடிப் பகையைத் தேடிக்கொண்டனர். அம்மக்கள் தாக்கத் திட்டமிடுகின்றனர் என்ற தகவல் 1623 மார்ச்சில் மசாசொயிட்டிடமிருந்தே கிடைத்தது. எட்டுப் பேருடன் ஸ்டான்டிஷ் புறப்பட்டார். வணிகத்துக்கு வந்தவர் போல நடந்துகொண்டார். பெக்சுவொட், விற்றுவமட் என்ற வீரர்கள் ஓர் அறைக்குள் வந்ததும் கதவு அடைக்கப்பட்டது. பெக்சுவொட்டின் கழுத்தில் தொங்கிய கத்தியைப் பறித்து, அதனாலேயே அவரை ஸ்டான்டிஷ் கொன்றார். விற்றுவமட்டும் அங்கேயே மாண்டார். அவரது இளைய சகோதரன் தூக்கிலிடப்பட்டான். விற்றுவமட்டின் தலை பிளைமவுத்துக்குக் கொண்டுவரப்பட்டு, கீழே வழிபாடு நடக்கும் அதே கோட்டையின் மீது நாட்டப்பட்டது.

இச்செயலைக் கண்டித்தவர்கள் எதிரிகள் மட்டுமல்லர். லைடனில் தங்கியிருந்த போதகர் ரொபின்சன் தாமே கடிதம் எழுதினார். எவரையும் கொல்வதற்கு முன்னர் சிலரையேனும் மனந்திருப்பியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று வருந்திய அவர், கப்டன் மீது அன்பு பாராட்டியவாறே மனித உயிரின் மீதான இரக்கம் அவரிடம் குறைவாக இருக்கக்கூடும் என்றும் எச்சரித்தார். அச்சத்தால் அயலிலிருந்த பூர்வீகக் குடிகள் சதுப்புநிலங்களுக்குள் ஓடி ஒளிந்தனர். பலர் அங்கு நோயுற்று மாண்டனர். அவர்களுடனான தோல் வணிகமும் தளர்ந்தது. கடனில் மூழ்கியிருந்த பிளைமவுத்துக்கு அதுவே முதன்மையான வருவாய். வாள் வென்றதாகத் தோன்றிய இடத்தில் குடியேற்றம் இழந்ததே அதிகம்.

பின்னைய ஆண்டுகளில் ஸ்டான்டிஷின் வாழ்வு வேறு திசையில் சென்றது. கடன் கொடுத்த வணிகருடன் பேசுவதற்காக 1625 இல் கொள்ளைநோய் பரவியிருந்த லண்டனுக்குச் சென்ற அவர், ரொபின்சன் இறந்துவிட்ட செய்தியுடன் 1626 இல் திரும்பினார். நிலம் பங்கிடப்பட்டபோது 120 ஏக்கர் பெற்று, டக்ஸ்பரி என்ற ஊரை நிறுவியோருள் ஒருவரானார். இரண்டாம் மனைவி பார்பராவுடன் பிள்ளைகளை வளர்த்தார். 1644 முதல் 1649 வரை குடியேற்றத்தின் பொருளாளராகவும் இருந்தார். வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் துணைநின்ற வம்பனோவாக் வீரர் ஹொபமொக் முதுமையில் அவரது நிலத்திலேயே வாழ்ந்தார். 1656 அக்டோபரில் ஸ்டான்டிஷ் காலமானபோது, அவரது உடைமைகளுள் சீசரின் போர்க்குறிப்புகளும் ஹோமரின் இலியட்டும் இருந்தன. லங்காஷயரிலும் மான் தீவிலும் தமக்குரிய நிலங்கள் அநியாயமாகப் பறிக்கப்பட்டன என்று தமது மரணசாசனத்தில் முறையிட்டிருந்தார். பிறர் நிலத்தில் உழுது வாழ்ந்தவர் தமது பூர்வீக நிலத்துக்காக இறுதிவரை ஏங்கினார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

மசாசொயிட் தாம் கொடுத்த வாக்கைச் சாகும்வரை காத்தார். அவரது மகன் மெட்டகொம்மின் காலத்தில், தொடர்ந்து நிலம் சுருங்கியமையால் 1675 இல் பெரும் போர் மூண்டது. 1676 ஆகஸ்டில் மெட்டகொம் கொல்லப்பட்டார். அவரது மகன் அடிமையாக விற்கப்பட்டான். அவரது தலை அதே பிளைமவுத்தில் பல்லாண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1623 இல் ஒரு கப்டன் தொடக்கிவைத்த வழக்கம், 53 ஆண்டுகளின் பின்னர், அந்தக் குடியேற்றத்துக்கு முதன்முதலில் கைகொடுத்தவரின் மகனையே தேடிவந்தது.

1858 இல் கவிஞர் லோங்பெலோ ஸ்டான்டிஷைக் காதற்கதை நாயகனாக்கினார். 1898 இல் டக்ஸ்பரிக் குன்றில் அவருக்கு 116 அடி உயர நினைவுத்தூண் கட்டி முடிக்கப்பட்டது. மசாசொயிட்டுக்குப் பிளைமவுத்தில் சிலை எழ 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1970 முதல் அமெரிக்கர் நன்றி நாள் கொண்டாடும் அதே தினத்தில் பூர்வீகக் குடிகளின் வழித்தோன்றல்கள் அச்சிலையின் அருகே கூடித் துக்கம் அனுஷ்டிக்கின்றனர்.

நோயாளிக்குத் தீ மூட்டிய கையும் அடைத்த கதவுக்குப் பின்னால் கத்தியைப் பறித்த கையும் ஒருவருடையவையே. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது வரலாறாகாது. அந்தக் குடியேற்றத்துக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அமைதியைத் தந்தது இரு தரப்பினரும் கொடுத்துக்கொண்ட வாக்கு. அதனைக் காப்பதற்கு எந்தக் கோட்டையும் தேவைப்படவில்லை. அதனை முறிப்பதற்கோ நிலப்பசி ஒன்றே போதுமானதாக இருந்தது.