சின்ன மருதுவின் போர் அழைப்பு

போருக்கு ஆள் சேர்க்கும் சுவரொட்டிகளில் வண்ணப் படங்கள் இருக்கும். சின்ன மருதுவோ எழுத்தை மட்டுமே நம்பினார்.

முக்குளத்தில் 1753-இல் பிறந்த அவர், அண்ணன் பெரிய மருதுவுடன் சிவகங்கைச் சீமையை ஆண்டார். 1801 பிப்ரவரியில் நம் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரைக்கு அடைக்கலம் தந்தார். கும்பினியார் படையெடுத்தனர்.

ஜூன் மாதம் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் அவருடைய அறிக்கை ஒட்டப்பட்டது. மக்கள் சோற்றுக்குத் திண்டாடுவதை அது எடுத்துரைத்தது. எல்லாச் சாதியாரையும், கும்பினிச் சம்பளம் வாங்கிய சிப்பாய்களையும்கூடப் போருக்கு அழைத்தது. அறிக்கையைக் கிழிப்பவரைச் சபித்தது.

அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் சகோதரர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். பிறரைப் போருக்கு அழைத்துவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்பவர் பலர். சின்ன மருது தம் சொல்லுக்குத் தம் உயிரையே ஈடாக வைத்தார். அதனால்தான் அச்சொல் இன்றும் அழியவில்லை.