மூர்க்க நாயனார்: வைப்பும் துய்ப்பும்

அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டிற்குத் தென்மேற்கே சில கல் தொலைவில் உள்ளது திருவேற்காடு. திருஞானசம்பந்தப் பிள்ளையாரின் திருப்பதிகம் பெற்ற இத்தலமே அறுபத்து மூவருள் ஒருவராகிய மூர்க்க நாயனார் தோன்றிய பதியுமாகும். வருவாயில் நாளைக்கு வைப்பது எவ்வளவு, இன்று துய்ப்பது எவ்வளவு என்று இல்வாழ்வார் எக்காலத்தும் தடுமாறுவர். அத்தடுமாற்றத்திற்கு இந்நாயனார் வரலாறு தரும் விடை நுணுகி ஆராயத்தக்கது.

வேளாளர் குலத்துத் தோன்றிய நாயனார் செல்வத்திற் சிறந்து விளங்கினார். நாடோறும் சிவனடியார்க்கு இன்னமுது அளித்து, அவர் வேண்டுவன கொடுத்து, அதன்பின் தாம் உண்பதே அவர் கொண்ட நியமம். அடியார் கூட்டம் பெருகிற்று, பொருள் சுருங்கிற்று. அடிமைகளையும் நிலத்தையும் விற்றுப் பூசையை நடத்தினார். இறுதியில் விற்பதற்கும் ஒன்றும் இல்லையாக, முன்னே கற்றிருந்த சூது ஒன்றே எஞ்சியது. தம்மூரில் தம்மோடு ஆடுவார் இன்மையின் அவ்வூரை நீங்கினார். சென்ற ஊர்தோறும் இறைவனை வணங்கி, சூதில் வென்ற பொருளால் அடியாரை அமுது செய்வித்துக் கும்பகோணத்தை அடைந்தார். ஆட்டத்தில் மறுத்தவரைச் சுரிகையாற் குத்தினமையின் மூர்க்கர் எனப்பட்டார். நற்சூதர் என்பதும் அவர்க்குப் பெயர். வென்ற பொருளைத் தாம் தீண்டாது, அமுதாக்குவோர் கொள்ள விடுத்து, அடியார் உண்டபின் கடைப்பந்தியில் உண்டார் என்பது சேக்கிழார் பெருமான் காட்டிய வரலாறு.

ஈண்டு ஓர் ஐயம் நிகழும். சூது அறநூல்கள் கடிந்த குற்றம். விளைநிலத்தை விற்காது வைத்து, விளைவைக் கொண்டு பூசித்திருப்பின் சூதும் சுரிகையும் வேண்டாவன்றோ? இவ்வினா நேரியதே. சோழர் காலக் கல்வெட்டுக்களில் ஒரு நந்தா விளக்கிற்கு 90 அல்லது 96 ஆடுகள் அளிக்கப்பெற்றமை காண்கிறோம். சாவா மூவாப் பேராடு எனப்பட்ட அவற்றின் தொகை குன்றாமற் காத்து, நெய்யை மட்டும் நாடோறும் அளந்தனர். முதல் நாளைக்கு, பயன் இன்றைக்கு. தருமம் இடையறாது நிற்றற்கு இம்முறையே ஏற்றது.

ஆயின், நாளைக்கென்று வைப்பவர் பலர் இன்று வாயிலில் நிற்கும் பசியை மறந்துவிடுகின்றனர். நாளை என்று ஒத்திவைத்த பசி ஆறுவதில்லை. நாயனார் ஒருநாளும் ஒத்திவைத்திலர். அன்றியும், தமக்கென ஒன்றும் வையாதவாறே தமக்கென முந்தித் துய்த்ததும் இல்லை. வைப்பும் துய்ப்பும் பற்றிப் பூசலிடுவது யான் எனது என்னும் செருக்கேயாகும்; அது கழன்ற அன்பினர் செயல் சிவபுண்ணியமாய் முடியும். அது கழலாத நாம் அவர் சூதைப் பின்பற்றுதல் தகாது. கடைப்பந்தியைப் பின்பற்றுதல் தகும்.

மேற்கே திருநின்றவூர்ப் பூசலார் நாயனார், பொருள் தேடியும் பெறாது, நினைவினாலேயே சிறிது சிறிதாகச் சேர்த்து மனத்துள் ஆலயம் எடுத்தார். ஒருவர் இருந்ததை எல்லாம் ஈந்தார். மற்றவர் இல்லாதபோதும் ஈட்டினார். இருவர்க்கும் பொருளாய் நின்றவன் ஒருவனே.

மூர்க்க நாயனார் குருபூசை கார்த்திகைத் திங்கள் மூல நாளில் நிகழ்வது. அன்று அடியார்க்கு முன்னே அமுதளித்துப் பின்னே நாம் உண்போமாக.

சிவம்.