ஒரே ஒரு பல்லுடன் பதவியேற்ற அதிபர்

அமெரிக்காவின் ஒரு டாலர் நோட்டில் இருக்கும் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளை முடி, இறுக மூடிய வாய், சற்றே உப்பிய உதடுகள். அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் முகம் அது. பள்ளியில் அவரைப் போர்த் தளபதியாகவும் ஒரு புதிய நாட்டின் தலைவராகவும் படித்தோம். நான் இப்போது பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்த வாயில்தான் நிற்கிறது. ஒரு பல் போனால் மனிதன் எதையெல்லாம் இழக்கிறான் என்பதற்கு அவருடைய வாழ்க்கையைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

24 வயதில் முதல் பல்

வாஷிங்டன் 1732ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் தேதி வர்ஜீனியாவில் பிறந்தார். 11 வயதில் தந்தையை இழந்தார். 17 வயதிலேயே நில அளவையாளராக வேலை பார்க்கத் தொடங்கினார். 1751இல் நோயுற்ற அண்ணனுடன் பார்படோஸ் தீவுக்குச் சென்றபோது பெரியம்மை வந்து பிழைத்தார். பிறகு ராணுவத்தில் சேர்ந்து, பிரெஞ்சுப் படைகளுக்கு எதிராகப் பிரிட்டிஷார் தரப்பில் போரிட்டார்.

அவருக்கு 24 வயதானபோது, ஒரு மருத்துவருக்கு 5 ஷில்லிங் கொடுத்துப் பல்லைப் பிடுங்கிக்கொண்டதைத் தம் குறிப்பில் எழுதிவைத்தார். அதன் பிறகு ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் பல் வலி, ஈறு வீக்கம், பல் பிடுங்கல் என்று தொல்லை தொடர்ந்தது. அப்போது மயக்க மருந்து கிடையாது. ஈதர் கொடுத்து வலியின்றிப் பல் எடுக்கும் முறை அமெரிக்காவில் 1846இல்தான் வந்தது. எனவே வாஷிங்டன் இழந்த ஒவ்வொரு பல்லும் விழித்த நிலையிலேயே பிடுங்கப்பட்டது.

அவர் பற்களைக் கவனிக்காதவர் அல்லர். பல் தூரிகை, பல்பொடி, வாய் கொப்பளிக்கும் மருந்து ஆகியவற்றை வாங்கியதற்கான கணக்குகள் இருக்கின்றன. ஆனால் ஈறு நோய் ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது என்பது அந்தக் காலத்து மருத்துவத்துக்குத் தெரியாது. நோய்களுக்காக அவருக்குக் கொடுக்கப்பட்ட பாதரசம் கலந்த மருந்துகளும் பற்களைக் கெடுத்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள்.

போர்க்களத்தில் பல் வைத்தியம்

1775இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் படைகளுக்கு வாஷிங்டன் தலைமைத் தளபதியானார். உணவும் உடையும் துப்பாக்கி மருந்தும் பற்றாக்குறையாக இருந்த படையை எட்டு ஆண்டுகள் கட்டிக் காத்தார். அந்த நாட்களிலும் பல் தொல்லை அவரை விடவில்லை. போலிப் பற்களை எஞ்சியிருந்த சொந்தப் பற்களோடு கம்பியால் கட்டி வைத்திருந்தார்.

1781ஆம் ஆண்டு மே மாதம், பிலடெல்பியாவில் இருந்த தம் பல் மருத்துவர் ஜான் பேக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். பற்களின் கம்பியைக் கட்டுவதற்குத் தாம் கேட்டிருந்த குறட்டைப் பற்றிக் குறிப்பிட்டார். பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் கருவி ஒன்றையும் கேட்டார். தாம் அண்மையில் பிலடெல்பியா பக்கம் வருவதற்கில்லை என்றும் எழுதினார். அந்தக் கடிதம் வழியிலேயே பிரிட்டிஷார் கையில் சிக்கியது. வாஷிங்டனின் படை நியூயார்க் அருகிலேயே தங்கியிருக்கும் என்று எதிரிகள் நம்ப அதுவும் உதவியிருக்கலாம் என்ற கருத்து உண்டு. அதே ஆண்டு அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை அவரிடம் சரணடைந்தது.

கணக்குப் புத்தகத்தில் ஒன்பது பற்கள்

வாஷிங்டனின் வாழ்க்கையில் என்னை மிகவும் தொந்தரவு செய்த பகுதி இதுதான்.

அக்காலத்தில் செல்வந்தர்களிடையே பல் மாற்று என்ற முறை பரவியிருந்தது. உயிரோடிருக்கும் ஒருவரின் பல்லைப் பிடுங்கி, சூடு ஆறுவதற்குள் இன்னொருவரின் தாடைக் குழியில் பொருத்திக் கட்டுவார்கள். லண்டனில் ஜான் ஹன்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் இம்முறையை ஆதரித்தார். அமெரிக்காவில் லெ மேயர் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர் அதைச் செய்துவந்தார். முன்பல் விற்க விரும்புவோருக்குப் பல்லுக்கு இரண்டு கினி தருவதாக அவர் நாளிதழில் விளம்பரமே கொடுத்தார்.

அந்த மருத்துவர் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணைக்கும் வந்துபோனவர். 1784ஆம் ஆண்டு மே மாதம் பண்ணைக் கணக்கில் ஒரு வரி பதிவானது. மருத்துவர் லெ மேயரின் பொருட்டு, ஒன்பது பற்களுக்காகக் கறுப்பின மக்களுக்கு 6 பவுண்டு 2 ஷில்லிங் கொடுக்கப்பட்டது என்பதே அதன் செய்தி. ஒரு பல்லுக்கு 14 ஷில்லிங்குக்கும் குறைவு. நாளிதழில் அறிவித்த விலையோ இரண்டு கினி, அதாவது 42 ஷில்லிங்.

அந்தப் பற்கள் வாஷிங்டனின் வாய்க்கே போயினவா என்று கணக்குப் புத்தகம் சொல்லவில்லை. பல்லைக் கொடுத்தவர்களின் பெயர்களும் அதில் இல்லை. பணம் கைமாறியது உண்மை. ஆனால் அடிமையாக இருக்கும் ஒருவர் தம் பல்லைத் தர மறுத்திருக்க முடியுமா?

இந்த மாற்றுப் பற்கள் நிலைத்ததும் இல்லை. அடுத்தவர் பல்லை உடல் தன்னுடையதாக ஏற்காது. வேர் மெல்லக் கரைந்து பல் விழுந்துவிடும். கொடுத்தவரிடமிருந்து மேகநோய் போன்ற நோய்களும் தொற்றின. ஒருவருக்கு நிரந்தர இழப்பு, மற்றவருக்கோ சில காலப் பயன்.

அதிபரின் பல்செட்

1789 ஏப்ரல் 30ஆம் தேதி நியூயார்க்கில் வாஷிங்டன் முதல் அதிபராகப் பதவியேற்றார். அப்போது அவர் வாயில் எஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று.

அவருக்குப் பல்செட் செய்து கொடுத்தவர் ஜான் கிரீன்வுட். விடுதலைப் போரில் சிறுவனாகப் புல்லாங்குழல் வாசித்துப் படையோடு நடந்தவர் அவர். நீர்யானைத் தந்தத்தைக் குடைந்து அடித்தட்டு செய்தார். அதில் மனிதப் பற்களைப் பித்தளைத் திருகாணிகளால் பொருத்தினார். அந்த ஒற்றைப் பல் நுழைவதற்கு ஓர் ஓட்டையும் வைத்தார். மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் சுருள் கம்பிகள் இணைத்தன. அந்தக் கம்பிகள் தட்டுகளை எப்போதும் விரித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். வாயை மூட வேண்டுமானால் தாடையை இறுகக் கடித்தபடி இருக்க வேண்டும். டாலர் நோட்டில் தெரியும் அந்த இறுக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அவருடைய பல்செட் மரத்தால் ஆனது என்ற கதை இன்றும் உலவுகிறது. அது உண்மையல்ல. தந்தத்தில் கறை படிந்து, மெல்லிய விரிசல்கள் விழுந்தபோது பார்ப்பதற்கு மரம்போல் தோன்றியிருக்கிறது. திராட்சை மதுவின் கறை பல்செட்டைக் கறுப்பாக்குவதாகக் கிரீன்வுட்டும் அவருக்கு எழுதினார்.

பல்செட் வலித்தது. உதடுகளை வெளியே தள்ளுவதாக 1797இல் வாஷிங்டன் கிரீன்வுட்டிடம் முறையிட்டார். காலையில் சோளமாவு அடையை வெண்ணெயிலும் தேனிலும் ஊறவைத்துச் சாப்பிடுவது அவர் வழக்கம். மெல்ல வேண்டிய தேவை அதில் குறைவு. இரண்டாம் முறை பதவியேற்றபோது அவர் ஆற்றிய உரை ஆங்கிலத்தில் 135 சொற்கள் மட்டுமே. இன்றுவரை அமெரிக்க அதிபர்களின் பதவியேற்பு உரைகளில் அதுவே மிகச் சிறியது. மேடைப் பேச்சில் அவருக்கு நாட்டமில்லை என்பது உண்மை. வாயைத் திறந்தால் பல்செட் துள்ளி வெளியே வருமோ என்ற கவலை உள்ளவருக்கு நாட்டம் எப்படி வரும்?

வேர் போனால் எலும்பும் போகும்

எங்கள் வகுப்பில் முதலில் கற்றுக்கொடுத்த பாடங்களில் ஒன்று இது. வெளியே தெரியும் பல் ஒரு பகுதிதான். வேர் தாடை எலும்புக்குள் இருக்கிறது. நாம் மெல்லும் ஒவ்வொரு முறையும் அந்த விசை வேர் வழியாக எலும்பைச் சென்றடைகிறது. அந்தத் தூண்டுதல்தான் எலும்பை உறுதியாக வைத்திருக்கிறது. பல் போனதும் தூண்டுதல் நின்றுவிடுகிறது. பல்லைத் தாங்கிய எலும்பு மெல்லத் தேய்ந்து தாழ்கிறது. கன்னம் ஒடுங்குகிறது, மூக்குக்கும் தாடைக்கும் இடைவெளி குறைகிறது.

பல்செட் ஈற்றின்மேல் உட்காருகிறது, அவ்வளவுதான். எலும்பு தேயத் தேய நேற்று பொருந்திய பல்செட் இன்று ஆடும். வாஷிங்டனுக்குத் திரும்பத் திரும்பப் புதிய பல்செட் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

இது பழங்கதை மட்டுமல்ல. என் பாட்டி பல்செட் போடுபவர். தீபாவளிக்கு முறுக்கு சுட்டு ஊருக்கெல்லாம் கொடுப்பார். தமக்கென்று எடுத்துக்கொள்வதைத் தேநீரில் ஊறவைத்துத்தான் சாப்பிடுவார். வயதானால் அப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும்.

கடைசிப் பல்லும் கடைசி உயிலும்

1796இல் அந்த ஒற்றைப் பல்லையும் கிரீன்வுட் எடுத்தார். வாஷிங்டன் அதை அவருக்கே கொடுத்துவிட்டார். கிரீன்வுட் அதைச் சிறு கூட்டில் வைத்துத் தம் பைக்கடிகாரச் சங்கிலியில் மாட்டிக்கொண்டார். அதே ஆண்டில் கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைந்த ஓவியம்தான் பின்னாளில் டாலர் நோட்டுக்குப் போனது.

மூன்றாம் முறை போட்டியிடாமல் 1797இல் பண்ணைக்குத் திரும்பிய வாஷிங்டன், தொண்டையில் ஏற்பட்ட கடும் நோயால் 1799 டிசம்பர் 14ஆம் தேதி இறந்தார். அப்போது அவருக்கு வயது 67. மவுண்ட் வெர்னனில் அந்த ஆண்டு 317 பேர் அடிமைகளாக இருந்தனர். அவர்களில் தமக்குச் சொந்தமான 123 பேரையும் மனைவி மார்த்தாவின் காலத்துக்குப் பின் விடுவிக்க வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். மார்த்தா அதுவரை காத்திருக்காமல் 1801 ஜனவரி 1ஆம் தேதி அவர்களை விடுவித்தார். வாஷிங்டனின் முழுப் பல்செட் ஒன்று இன்றும் மவுண்ட் வெர்னனில் பாதுகாக்கப்படுகிறது.

டைட்டானியம் தந்த விடை

வாஷிங்டனின் காலத்து மருத்துவர்கள் தேடியது சரியான இடத்தில்தான். பல் எலும்புக்குள் ஊன்றி நிற்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தது சரி. எதை ஊன்றுவது என்பதுதான் தெரியவில்லை.

விடை 1952இல் ஸ்வீடனில் கிடைத்தது. பெர் இங்வார் பிரானமார்க் என்ற ஆய்வாளர், முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க ஒரு டைட்டானியக் கருவியைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965இல் முதல் நோயாளியின் தாடையில் டைட்டானிய வேர்களைப் பொருத்தினார். அவை 40 ஆண்டுகளுக்கும் மேல் அந்த நோயாளிக்குப் பயன்பட்டன.

பல் உள்வைப்பு அதாவது இம்பிளாண்ட் என்பது இதுதான். ஒரு சிறு டைட்டானியத் திருகாணியைத் தாடையில் பதித்து, பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் எலும்போடு இணைய விடுவார்கள். பிறகு அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்துவார்கள். மெல்லும் விசை மறுபடியும் எலும்புக்குப் போவதால் தேய்மானம் குறைகிறது. பிரிட்ஜ் எனப்படும் பாலப் பல் கட்டுவதற்குப் பக்கத்துப் பற்களை ராவ வேண்டும். இதற்கு அது தேவையில்லை. பேசும்போது நழுவாது. முறுக்கையும் கடிக்கலாம். முறையாகப் பராமரித்தால் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை பத்து ஆண்டுகள் கடந்தும் நிலைக்கின்றன.

எல்லாப் பற்களும் போனவருக்கு ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு திருகாணி வேண்டியதில்லை. கீழ்த் தாடையில் இரண்டு பொருத்தி, அவற்றின்மேல் பல்செட்டைப் பொத்தான்போல் மாட்டினாலே ஆடாமல் நிற்கும். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்ப் பற்கள் முழுவதையும் இழந்தோருக்கு இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தார்கள்.

குறைகளும் உண்டு. செலவு அதிகம். புகைபிடிப்போருக்கும் நீரிழிவைக் கட்டுப்பாட்டில் வைக்காதோருக்கும் உள்வைப்பு தோல்வியடையும் வாய்ப்பு கூடுதல். சரியாகத் துலக்காவிட்டால் உள்வைப்பைச் சுற்றியும் ஈறு நோய் வரும். சிங்கப்பூரில் அறுவை சிகிச்சைப் பகுதிக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். தாத்தா பாட்டிக்கு ஏற்றதா என்பதைப் பல் மருத்துவர்தான் எலும்பைச் சோதித்துச் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களை அழைத்துப் போவது நம் வேலை.

ஒரு நாட்டையே உருவாக்கியவருக்கு, அத்தனை பணமும் அதிகாரமும் இருந்தும், வலியில்லாமல் மெல்ல ஒரு பல் கிடைக்கவில்லை. அவர் காலத்தில் ஒருவருக்குப் பல் வேண்டுமானால் இன்னொருவர் வாயில் இருந்து எடுக்க வேண்டியிருந்தது. இன்று அந்த வேரைச் சுரங்கத்திலிருந்து வரும் ஓர் உலோகம் தருகிறது. யாருடைய பல்லையும் யாரும் பிடுங்க வேண்டியதில்லை. பல் உள்வைப்பின் நன்மைகளைப் பாடநூல் வரிசைப்படுத்தும்போது இதைச் சேர்ப்பதில்லை. என் பட்டியலில் இதுதான் முதலில் இருக்கிறது.