ஊரின் பெயரைத் தாங்கிய நகைச்சுவைக் கலைஞர்: எரிக் மோர்கம்

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் அமைந்துள்ள சிறிய நகரம் மோர்கம். வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்கள் கோடை விடுமுறைக்குத் திரண்டு வந்த இந்நகரின் பெயரை, அங்கு பிறந்த ஒருவர் தமது பெயராகவே ஏற்று பிரிட்டன் முழுவதும் அறியச் செய்தார்.

ஜான் எரிக் பர்தலோமியூ 1926ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி பிறந்தார். தந்தை நகராட்சித் தொழிலாளி. மகனின் நடனப் பயிற்சிக்கான கட்டணத்தைச் செலுத்துவதற்காகவே தாயார் சேடி வேலைக்குச் சென்றார்.

சிறுவர் கலைக் குழுவொன்றில் சந்தித்த எர்னி வைஸுடன் எரிக் இணைந்தார். 1941இல் லிவர்பூல் மேடையில் இவ்விருவரின் இரட்டையர் நிகழ்ச்சி அரங்கேறியது. பர்தலோமியூ என்ற குடும்பப் பெயருக்குப் பதிலாக ஊர்ப் பெயரை அவர் சூட்டிக்கொண்டதும் அக்காலத்தில்தான்.

போர்க்காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் பணியாற்றிய எரிக், 1954இல் தொலைக்காட்சியில் கண்ட முதல் தொடர் கடும் விமர்சனத்துக்குள்ளானது. ஆனால் 1960களில் இவ்விருவரும் நாட்டின் முன்னணிக் கலைஞர்களாயினர்.

அக்காலத்தில் கடற்கரை நகரங்களின் மண்டபங்களே வெகுஜனக் கேளிக்கையின் களங்கள். நகைச்சுவையும் இசையும் தொழில்முறை மல்யுத்தமும் அங்கு இடம்பெற்றன. ஐடிவி தொலைக்காட்சி 1955 முதல் 1988 வரை மல்யுத்தத்தை ஒளிபரப்பியது. திரையில் கண்ட வீரரையோ நகைச்சுவையாளரையோ நேரில் காண மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கினர்.

எனினும் அதே தொலைக்காட்சி மக்களை வீட்டிலேயே இருத்தியது. மலிவு விமானப் பயணங்களோ அவர்களை ஸ்பெயினின் வெயிலுக்கு அழைத்துச் சென்றன.

1977ஆம் ஆண்டு இந்த முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் இரவில் எரிக், எர்னி நிகழ்ச்சியை 2 கோடிக்கும் அதிகமானோர் கண்டுகளித்தனர். அதே ஆண்டில் மோர்கம் நகரின் புகழ்பெற்ற விண்டர் கார்டன்ஸ் அரங்கு மூடப்பட்டது. கடலுக்குள் நீண்டிருந்த பொழுதுபோக்கு மேடைகளில் ஒன்று புயலில் சிதைந்தது. மகனின் புகழ் உச்சியை எட்டிய வேளையில், அவருக்குப் பெயர் தந்த ஊர் தன் பிழைப்பை இழந்துகொண்டிருந்தது.

எரிக்கின் உடல்நிலையும் தளர்ந்திருந்தது. 1968இல் முதல் மாரடைப்பு ஏற்பட்டது. 1979இல் மீண்டும் மாரடைப்பு ஏற்பட்டு, இதய அறுவைச் சிகிச்சையும் நடைபெற்றது. ஆயினும் மேடையை முற்றாக விட்டு விலக அவரால் இயலவில்லை. 1984 மே மாதம் டியூக்ஸ்பரி நகர அரங்கில் நிகழ்ச்சியை நிறைவு செய்து, ரசிகர்களின் கரவொலியை ஏற்றுத் திரைக்குப் பின்னே வந்ததும் அவர் சரிந்து விழுந்தார். மே 28ஆம் தேதி அதிகாலையில் உயிர் பிரிந்தது. வயது 58.

மோர்கம் கடற்கரையில் ஒற்றைக் காலைத் தூக்கி ஆடும் கோலத்தில் அவரது வெண்கலச் சிலையை 1999இல் இரண்டாம் எலிசபெத் அரசியார் திறந்துவைத்தார். மூடப்பட்ட விண்டர் கார்டன்ஸ் அரங்கையும் தன்னார்வலர்கள் படிப்படியாகச் சீரமைத்து மீண்டும் நிகழ்ச்சிகளுக்குத் திறந்துள்ளனர்.

ஊரின் பெயரால் ஒரு கலைஞர் அறியப்பட்ட காலம் மாறிவிட்டது. அவரது சிலையைக் காணவே பலர் இன்று அந்த ஊரைத் தேடி வருகின்றனர்.